முன்பே அறிந்தவன் ஏன் தடுக்கவில்லை?

ஊழ், மனித விருப்பு, பேரருள்: மூசி வெள்ளம் எழுப்பும் கேள்விகள்

(ஹைதராபாத்தில் வாழும் தமிழ்த் தோழர்களின் படிப்பு வட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு கரைகடந்து இந்நகருக்குள் புகுந்தது. அப்சல், முஸ்லிம் ஜங், சாதர்காட் ஆகிய மூன்று பாலங்களும் சிதைந்தன. 1578-இல் கட்டப்பட்ட புரானாபூல் மட்டும் நின்றது. மாண்டோர் ஏறத்தாழ 15 ஆயிரம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இன்று உஸ்மானியா பொது மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் புளியமரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு சுமார் 150 பேர் உயிர்பிழைத்தனர். உருதுக் கவிஞர் அம்ஜத் ஹைதராபாதி தம் தாயையும் மனைவியையும் மகளையும் அந்த வெள்ளத்தில் பறிகொடுத்தார்.

இந்நகரை 1591-இல் நிறுவிய முகமது குலி குதுப் ஷா, ஆற்றில் மீன் நிறைந்திருப்பதைப்போலத் தம் நகரில் மக்கள் நிறைந்திருக்க வேண்டும் என்று இறைவனை வேண்டினார் என்பார்கள். 317 ஆண்டுகளுக்குப் பின் அந்த வேண்டுதல் எவரும் எண்ணியிராத வகையில் பலித்தது. அன்று ஆட்சியிலிருந்த ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கான் ஆற்றங்கரைக்கு வந்து, இந்து முறைப்படி மூசிக்குப் பூசை செய்து பட்டும் முத்தும் படைத்தார், அதன் பின்னரே வெள்ளம் வடிந்தது என்றொரு கதையும் வழங்கிவருகிறது. அது நடந்ததா என்பது ஒருபுறம் இருக்கட்டும். பேரழிவுக்குப் பிறகு மக்கள் எந்தத் திசையை நோக்கி முறையிட்டார்கள் என்பதை அந்தக் கதை காட்டுகிறது.

அந்த முறையீட்டுக்குள் ஒரு கேள்வி இருந்தது. இறைவன் எல்லாம் அறிந்தவன் என்றால், இவ்வெள்ளம் வரும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும். அறிந்தவன் ஏன் தடுக்கவில்லை? இக்கேள்வியை நாத்திகர்களுக்கு முன்பே கேட்டவர்கள் பக்தர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கோயில் வாசலில் நின்று கேட்பதும் இதையேதான். ஆகவே இதை ஏளனத்துக்குரிய பொருளாக எடுத்துக்கொள்ளாமல், அதன் உள்ளமைப்பை ஆராய்ந்து பார்ப்பது கம்யூனிஸ்டுகளின் கடமை.

மூன்று குணங்களும் இரண்டு முரண்களும்

திருக்குறளின் முதல் அதிகாரத்தில் வரும் 'எண்குணத்தான்' என்ற சொல்லுக்கு உரையெழுதிய பரிமேலழகர், சைவ ஆகமங்கள் கூறும் எட்டுக் குணங்களைப் பட்டியலிடுகிறார். முற்றும் உணர்தல், பேரருள் உடைமை, முடிவிலா ஆற்றல் உடைமை ஆகிய மூன்றும் அந்த எட்டில் அடங்கும். கிறித்துவமும் இசுலாமும் வேறு சொற்களில் இதே மூன்றையும் இறைவனுக்கு உரியவையாகக் கூறுகின்றன. இம்மூன்றையும் ஒருங்கே வைக்கும்போது இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் எழுகின்றன. பேச்சுவழக்கில் இவை இரண்டும் கலந்துவிடுகின்றன. பிரித்துப் பார்த்தால்தான் தெளிவு கிடைக்கும்.

முதற் சிக்கல், முன்னறிவுக்கும் மனித விருப்புக்கும் இடையிலானது. நாளை ஒருவன் பொய் சொல்வான் என்பதை இறைவன் இன்றே பிழையின்றி அறிந்திருந்தால், நாளை அவனால் உண்மை சொல்ல முடியுமா? முடியும் என்றால் இறைவனின் அறிவு பிழையாகக்கூடும். முடியாது என்றால் அந்தப் பொய்க்கு அவனைத் தண்டிப்பது எப்படி நீதியாகும்?

இரண்டாம் சிக்கல், முன்னறிவும் ஆற்றலும் ஒருபுறமாகவும் பேரருள் மறுபுறமாகவும் நிற்பது. வரப்போகும் துன்பத்தை அறிந்தும், தடுக்கும் வலிமை இருந்தும், தடுக்காதவனை அருளாளன் என்று எப்படி அழைப்பது? கிரேக்கப் பொருள்முதல்வாதி எபிகூரஸின் பெயரால் வழங்கிவரும் புகழ்பெற்ற வாதம் இதுதான்.

அறிதல் வேறு, நிகழ்த்துதல் வேறு

முதற் சிக்கலுக்குச் சமயவாதிகள் தந்த விடைகளில் வலுவானதை முதலில் நேர்மையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். அறிதல் என்பது நிகழ்த்துதல் ஆகாது என்பதே அந்த விடை. பஞ்சாங்கம் கிரகணத்தை முன்கூட்டிச் சொல்வதால் கிரகணம் பிடிப்பதில்லை. ஐந்தாம் நூற்றாண்டுக்கு முன்பே அகஸ்டின் இவ்வாறு வாதிட்டார். ஆறாம் நூற்றாண்டில் மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையிலிருந்த போயத்தியஸ், இறைவனுக்கு நேற்றும் நாளையும் இல்லை, எல்லாம் ஒரே நிகழ்காலம், ஆகவே அது முன்னறிவே அல்ல, வெறும் பார்த்தல் என்றார். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதற்கு ஓர் உவமை தந்தார். சாலையில் நடப்பவனுக்குத் தன்பின் வருபவன் தெரிவதில்லை. மேட்டின் உச்சியில் நிற்பவனுக்கோ சாலை முழுவதும் ஒருசேரத் தெரிகிறது. பார்ப்பவன் எவனையும் பிடித்து நடத்துவதில்லை.

இந்த விடை முதற் சிக்கலின் முனையை மழுங்கச் செய்கிறது. ஆனால் அதே விடை இரண்டாம் சிக்கலைக் கூர்மையாக்கிவிடுகிறது. மேட்டில் நிற்பவனுக்கு வழிப்போக்கனும் தெரிகிறான். அடுத்த வளைவில் கத்தியுடன் பதுங்கியிருக்கும் கொள்ளைக்காரனும் தெரிகிறான். அவன் ஏன் ஒரு குரல் கொடுக்கவில்லை? காலத்துக்கு அப்பாற்பட்டவன் என்பதால் குரல் கொடுக்க இயலாது என்றால், காலத்துக்குள் வாழும் மனிதரின் மன்றாட்டு அவனை எப்படி எட்டும்? போதாததற்கு, சமயங்கள் கூறும் இறைவன் வெறும் பார்வையாளனும் அல்லன். மலையையும் சாலையையும் கொள்ளைக்காரனையும் படைத்தவன் அவனே. படைக்கும்போதே எல்லாவற்றையும் அறிந்திருந்தான் என்றும் சொல்லப்படுகிறது. பஞ்சாங்கம் கணிப்பவர் நிலவைப் படைக்கவில்லை. உவமை முறிவது இந்த இடத்தில்தான்.

இக்கேள்வி மடாலயங்களுக்குள் மட்டும் பேசப்பட்டதன்று. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் உமய்யா அரசர்கள் தங்கள் ஆட்சி இறைவனால் விதிக்கப்பட்டது என்றார்கள். அப்படியானால் அவர்கள் செய்த கொலைகளும் விதிக்கப்பட்டவையே. எவரிடமும் அவர்கள் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்று வாதிட்ட கதரிய்யாப் பிரிவினர் இதை எதிர்த்தனர். அவர்களுள் முதன்மையானவர்களான மஅபத் அல்-ஜுஹனியும் பின்னர் கய்லான் அத்-திமஷ்கியும் கொல்லப்பட்டனர். மனிதனுக்கு விருப்புரிமை உண்டு என்று சொன்னதற்கு ஓர் அரசு ஏன் அஞ்சியது? மன்னனுக்கும் விருப்புரிமை உண்டு, ஆகவே அவனும் குற்றவாளி ஆகலாம் என்ற முடிவு அதனுள் அடங்கியிருந்தது. அவர்களுக்குப் பின் வந்த முஅதஸிலாச் சிந்தனையாளர்கள் இறைவனின் நீதியைக் காக்கும் பொருட்டே மனித விருப்புரிமையை வலியுறுத்தினர். செயலைப் படைப்பவன் இறைவன், அதை ஈட்டிக்கொள்பவன் மனிதன் என்று அஷ்அரிய்யா மரபு சமரசம் கண்டது.

தமிழ் வைணவத்திலும் இதே விவாதம் வேறு வடிவில் நடந்தது. தாய்க்குரங்கைக் குட்டி பற்றிக்கொள்கிறதா, குட்டியைத் தாய்ப்பூனை கவ்விச் செல்கிறதா என்ற வடகலை, தென்கலை வேறுபாடு, மீட்சியில் மனித முயற்சிக்கு இடமுண்டா என்ற கேள்வியே.

ஊழ் யாருடைய கோட்பாடு?

விதியைப் பற்றிய பேச்சு எப்போதும் ஆள்வோருக்கே உதவியது என்று ஒரே வீச்சில் முடித்துவிடுவதும் பிழை. புறநானூற்றின் 192-ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனார் வாழ்வைப் பேராற்று நீரில் செல்லும் புணைக்கு ஒப்பிடுகிறார். முறைவழிச் செல்லும் புணை என்று உயிரைக் கண்டவர், அதிலிருந்து எட்டும் முடிவு வியப்புக்குரியது. பெரியோரைக் கண்டு மலைத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்பதே அது. ஊழிலிருந்து சமத்துவத்துக்கு ஒரு பாதை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆசீவகரின் நியதிக் கோட்பாடு வேறுவகையானது. மக்கலி கோசாலரின் கருத்தில் முயற்சிக்குப் பயனில்லை. நன்மையும் தீமையும் நூலுருண்டை தானே பிரிந்து ஓடுவதைப்போல முடிந்துபோகும். தந்தையைக் கொன்று அரியணை ஏறிய அஜாதசத்ரு பல ஆசிரியர்களிடம் சென்று விளக்கம் கேட்டதாகப் பௌத்த நூல் கூறுகிறது. அவர்களுள் கோசாலரும் ஒருவர். கொலைசெய்த மன்னனுக்கு நியதிக் கோட்பாடு எவ்வளவு வசதியானது என்பதை விளக்க வேண்டியதில்லை. எனினும் தேவிபிரசாத் சட்டோபாத்யாயா 1959-இல் வெளியிட்ட 'லோகாயதா' நூலில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். பழங்குடிக் கூட்டுவாழ்வு பேரரசுகளின் காலடியில் நொறுங்கிய காலத்தில், அந்த அழிவைத் தடுக்க வழியறியாத மக்களின் திகைப்பு நியதியாக உருக்கொண்டது என்பது அவர் கண்ட விளக்கம். தோற்றவர்களின் ஆறுதலும் வென்றவர்களின் நியாயமும் ஒரே கோட்பாட்டில் தங்கியிருக்கக்கூடும். மதத்தை ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சாகவும் அபினியாகவும் ஒரே பத்தியில் மார்க்ஸ் வருணித்ததன் பொருளும் இதுவே. 1844-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் பிற்பாதி மட்டும் மேடைகளில் பிழைத்து, முற்பாதி மறக்கப்பட்டது பேரிழப்பு.

வள்ளுவரிடம் இந்த இழுபறி வெளிப்படையாகவே இருக்கிறது. 38-ஆம் அதிகாரம் ஊழின் வலிமையைக் கூறுகிறது. 62-ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமை, சோர்வின்றி முயல்பவர் ஊழையும் புறமுதுகு காணச் செய்வர் என்கிறது. உரையாசிரியர்கள் இவ்விரண்டையும் பொருத்திவைக்கப் பெரிதும் முயன்றனர். அந்த முரணை அப்படியே விட்டுவைத்ததுதான் வள்ளுவரின் நேர்மை என்று கொள்வதற்கும் இடமுண்டு. இரப்போர் இருந்தே ஆகவேண்டும் என்ற உலகைப் படைத்தவனும் அலைந்து கெடட்டும் என்று சபித்தவரும் அவரே.

பேரருளின் மீது எழுந்த வழக்கு

இனி இரண்டாம் சிக்கல். ஒரு வீட்டில் நெய்தற்பறை, மறுவீட்டில் மணமுழவு. இந்தக் காட்சியைக் கண்ட பக்குடுக்கை நன்கணியார், உலகைப் படைத்தவனைப் பண்பற்றவன் என்று புறநானூற்றின் 194-ஆம் பாடலில் சாடினார். அருளின் மீது தொடுக்கப்பட்ட இந்த வழக்கு தமிழில் அவ்வளவு பழையது.

வழக்குக்கு வேதாந்தம் தந்த எதிர்வாதம் பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. இறைவனிடம் பாரபட்சமோ கொடுமையோ இல்லை; அவரவர் வினைக்கேற்பவே அவன் பயன் தருகிறான் என்கிறது சூத்திரம். சங்கரர் அதற்குத் தந்த உவமை மழை. மழை எல்லாப் பயிருக்கும் பொது. நெல்லும் வாற்கோதுமையும் வேறுபடுவது விதையால். அழகான உவமைதான். ஆனால் மூசிக் கரையில் நின்று அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். மழை எல்லோருக்கும் பொதுவாகப் பெய்தது. அம்ஜத்தின் மகள் மாண்டது அவள் விதைத்த விதையால் என்று சொல்லும் வாய் யாருடையது? வினைக் கோட்பாடு இறைவனை விடுவித்து, துன்புற்றவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. முற்பிறவி வினை என்ற கருத்தை அம்பேத்கர் முற்றாக நிராகரித்ததும் இக்காரணத்தால்தான். ஒடுக்கப்பட்டவர் தம் இழிநிலைக்குத் தாமே பொறுப்பு என்று நம்பவைக்க அதைவிட வலுவான கருவி இந்நாட்டில் இருந்ததில்லை.

பேரழிவை இறைத் தண்டனையாகக் கொள்வதன் ஆபத்து 1934-இல் மிகத் தெளிவாக வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் பூகம்பம். தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் தமிழ்நாட்டில் இருந்த காந்தி, ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனையே இப்பூகம்பம் என்றார். நோக்கம் உயர்ந்தது, வாதம் ஆபத்தானது. தாகூர் வெளிப்படையாக மறுத்தார். இயற்கை நிகழ்வை அறநீதியோடு இணைக்கலாம் என்றால், காந்தியின் எதிரிகளும் அதே தர்க்கத்தைக் கையாளலாம் என்று சுட்டிக்காட்டினார். சனாதனிகள் அப்படியே செய்தனர். தீண்டாமை ஒழிப்பே பூகம்பத்துக்குக் காரணம் என்றனர். பூமியின் அசைவில் ஒரு செய்தியைப் படிக்கத் தொடங்கினால், அந்தச் செய்தியைப் பொருள்விளக்கும் அதிகாரம் புரோகிதனிடமே போய்ச்சேரும்.

விருப்புரிமை வாதம் இங்கே உதவுவதாகத் தோன்றலாம். இறைவன் மனிதனுக்கு விருப்புரிமை தந்தான். விருப்புரிமை இருந்தால் தீமையும் நிகழும். அது இல்லாத உலகைவிட இருக்கும் உலகே மேல் என்பது அவ்வாதம். கொலைக்கும் கொள்ளைக்கும் இது ஓரளவு பொருந்தும். வெள்ளத்துக்கும் பூகம்பத்துக்கும் பொருந்தாது. ஆற்றுக்கு விருப்பு இல்லை. ஆகவே சமயத் தத்துவம் மனிதத் தீமை, இயற்கைத் தீமை என இரு வகை பிரித்தது. மூசி வெள்ளம் எந்த வகை?

221 ஏரிகள்

1909-இல் ஹைதராபாத் அரசின் அழைப்பின்பேரில் பொறியாளர் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா இங்கு வந்தார். அவர் கேட்ட கேள்வி வேறு: நீர் எங்கிருந்து, எவ்வளவு, எவ்வழியாக வந்தது? ஷம்ஷாபாத்தில் 24 மணி நேரத்தில் 12 அங்குலத்துக்கும் மேல் மழை பெய்திருந்தது. நகருக்கு மேலே மூசியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 788 ஏரிகள் இருந்தன. அவற்றுள் 221 உடைந்திருந்தன. மேலே ஒன்று உடைய, அந்த நீர் கீழுள்ளதை உடைக்க, சங்கிலித்தொடராக வந்த பெருக்கு, உச்சநிலையில் விநாடிக்கு 4 லட்சத்து 25 ஆயிரம் கன அடி என்று கணக்கிடப்பட்டது. நகருக்கு மேலே இரு பெரும் நீர்த்தேக்கங்களைக் கட்டி வெள்ளத்தைப் பிடித்துவைக்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். உஸ்மான் சாகர் 1920-லும் ஹிமாயத் சாகர் 1927-லும் முடிந்தன. உயிர்காக்கக் கட்டியவை பின்னர் நகரின் தாகத்தையும் தீர்த்தன.

இங்கே நடந்த மாற்றத்தின் ஆழத்தை உணர வேண்டும். விஸ்வேஸ்வரய்யா நாத்திகர் அல்லர், பொதுவுடைமையாளரும் அல்லர். அவர் எந்தத் தத்துவ விவாதத்தையும் தொடங்கவில்லை. ஆனால் அவருடைய அறிக்கைக்குப் பிறகு மூசி வெள்ளம் 'இயற்கைத் தீமை' என்ற அறையில் முன்போல அமைதியாகக் கிடக்க முடியவில்லை. மழை இயற்கை, ஏரிக்கரை மனிதர் கட்டியது, கரையைப் பராமரிப்பது ஆட்சியின் பொறுப்பு, தாழ்நிலத்தில் குடியிருக்க நேர்ந்தது நில உடைமையின் விளைவு. இரு தீமைகளுக்கும் இடையிலான எல்லைக்கோட்டை இறைவனோ இயற்கையோ வரையவில்லை. மனித அறிவும் ஆற்றலும் வளர வளர அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. நேற்று விதியாக இருந்தது இன்று அலட்சியமாகிறது, நாளை குற்றமாகும்.

தமிழ்நாட்டுக்கும் இந்நகருக்கும் இடையே இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவை ஒட்டிய கடலடியில் பூமி அதிர்ந்தது. ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது. அந்த இரண்டு மணி நேரம் எவருக்கும் பயன்படவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணியில் அன்னையைத் தரிசிக்க வந்தவர்களும் அவர்களுள் அடக்கம். அந்த அழிவுக்குப் பின்னரே இந்தியாவின் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் 2007-இல் நிறுவப்பட்டது. அது இயங்குவது கடலே இல்லாத இந்த ஹைதராபாத்தில், இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில். கடலடி அதிர்வையும் நீர்மட்டத்தையும் இரவுபகலாகக் கவனிக்கும் அம்மையத்துக்கு அலையை நிறுத்தும் ஆற்றல் கிடையாது. ஆனால் குரல் கொடுக்க முடியும். மேட்டின் உச்சியில் நிற்பவனிடம் பக்தன் எதிர்பார்த்ததும் அந்த ஒரு குரலைத்தான்.

கேள்வி முகவரி மாறுகிறது

முன்னறிவு மனிதர் கைக்கு வந்தபின், 'அறிந்தும் ஏன் தடுக்கவில்லை' என்ற கேள்வியும் மனிதரிடமே வந்துசேர்கிறது. மூசியைப் பிடித்துவைத்த இரு நீர்த்தேக்கங்களையும் காக்க, 1996 மார்ச்சில் அன்றைய ஆந்திர அரசு 111-ஆம் எண் அரசாணையைப் பிறப்பித்தது. நீர்த்தேக்கங்களைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள், 84 கிராமங்களில், மாசு தரும் தொழில்களும் பெரும் கட்டுமானங்களும் தடுக்கப்பட்டன. 2020 அக்டோபரில் பெருமழை பெய்து பழைய நகரின் தெருக்கள் மீண்டும் மூழ்கின; ஏரிக்கரை உடைந்த நீர் மீண்டும் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அதற்கு இரண்டே ஆண்டுகளுக்குள், 2022 ஏப்ரலில், தெலங்கானா அரசு அந்தக் கட்டுப்பாடுகளை நீக்கும் ஆணையை வெளியிட்டது. குடிநீருக்கு அந்த நீர்த்தேக்கங்கள் இனித் தேவையில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அவை முதலில் எதற்காகக் கட்டப்பட்டன என்பது பேசப்படவில்லை. அப்பகுதியின் நிலமதிப்பு என்ன என்பது எல்லோருக்கும் தெரியும்.

இங்கே முன்னறிவு உண்டு: நூறாண்டுக்கு மேற்பட்ட மழைக் கணக்கும் ஒரு பொறியாளரின் அறிக்கையும் இருக்கின்றன. தடுக்கும் ஆற்றல் உண்டு. இல்லாதது அருள். எபிகூரஸின் வாதம் எந்தப் பிசகும் இன்றிப் பொருந்தும் இடம் அரசு அலுவலகம்தான். இறைவனைப் பொறுத்தவரை 'அவன் திருவுள்ளம் அறிய இயலாதது' என்ற ஒரு விடையாவது எஞ்சியிருக்கிறது. நிலவணிகத்தின் திருவுள்ளம் பத்திரப்பதிவு அலுவலகத்திலேயே வெளிப்படையாகக் கிடக்கிறது. அடுத்த வெள்ளத்தின்போது 'வரலாறு காணாத மழை', 'இயற்கையின் சீற்றம்' என்று அமைச்சர்கள் சொன்னால், அது உமய்யா அரசர்கள் சொன்ன அதே விடையின் புதுப்பதிப்பு.

நம் வீட்டுக்குள் இருக்கும் விதி

இந்த விவாதத்தில் கம்யூனிஸ்டுகளைப் பார்த்துக் கேட்கப்படும் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. வரலாறு விதிகளின்படி இயங்குகிறது, சோசலிசம் தவிர்க்க முடியாதது என்று நீங்களே சொல்கிறீர்கள். இது முன்னறிவுக் கோட்பாடு அல்லவா? கிரகணம் நிகழ்வதற்கு எவரும் கட்சி கட்டுவதில்லையே?

பிளெக்கானவ் 1898-இல் எழுதிய 'வரலாற்றில் தனிநபரின் பாத்திரம்' என்ற கட்டுரையில் இதற்கு ஒரு விடை தந்தார். தவிர்க்க முடியாமை என்பதற்குள் மனிதரின் செயலும் ஓர் இன்றியமையாத கண்ணி. என் செயல் இல்லாமலே அது நிகழும் என்பது அதன் பொருளன்று. விதியை நம்பிய சமய இயக்கங்கள் பலவும் சோம்பிக் கிடக்காமல் பெரும் ஊக்கத்தோடு செயல்பட்டன என்பதையும் அவர் நினைவூட்டினார். ஆயினும் இதன் மறுபக்கத்தை முசோலினியின் சிறையிலிருந்து கிராம்சி எழுதினார். தொடர்ந்து தோல்விகளைச் சந்திக்கும் இயக்கத்துக்கு 'வரலாறு நம் பக்கம்' என்ற இயந்திரத்தனமான நம்பிக்கை பெரும் தாங்குசக்தியாகிறது. அது சமயங்கள் கூறும் ஊழுக்கும் இறைத் திட்டத்துக்கும் மாற்றாக அமைகிறது என்றார். பொறுப்பேற்று வழிநடத்த வேண்டிய நேரம் வந்தபின்னும் அந்த நம்பிக்கை நீடித்தால், அது செயலின்மைக்குச் சொல்லப்படும் சாக்காகிவிடும் என்றும் எச்சரித்தார்.

இன்று நாடெங்கும் இடதுசாரி இயக்கம் தேர்தல் களத்திலும் அமைப்பிலும் பின்னடைவைச் சந்தித்திருக்கும் வேளையில் இதைச் சற்று நின்று படிக்க வேண்டும். 'முதலாளித்துவ நெருக்கடி முற்றும்போது மக்கள் தாமே நம்மிடம் வருவார்கள்' என்று கிளைக் கூட்டத்தில் ஒரு தோழர் சொல்லும்போது, அது ஆய்வா, ஆறுதலா? நெருக்கடி முற்றியபோதெல்லாம் மக்கள் இடதுசாரிகளிடமே வந்தார்கள் என்று இத்தாலியின் வரலாறோ ஜெர்மனியின் வரலாறோ சொல்லவில்லை. ஏங்கெல்ஸ் 'டூரிங்கிற்கு மறுப்பு' நூலில் சுதந்திரத்தை விளக்கியபோது, இன்றியமையாமையை அறிந்துணர்ந்து அதைத் திட்டமிட்டுப் பயன்படுத்தும் திறனையே அச்சொல்லால் குறித்தார். மழை பெய்யும் என்பது இன்றியமையாமை. நீர்த்தேக்கம் கட்டுவது சுதந்திரம். முன்னதை அறியாமல் பின்னது இல்லை. முன்னதை அறிந்தால் மட்டும் பின்னது தானே நடந்துவிடாது. அறிந்தும் கட்டாதவனுக்கு வெள்ளம் விதியாகவே வந்துசேரும்.

நம்பிக்கையாளரோடு பேசுவது எப்படி?

வெள்ளத்தில் மூவரையும் இழந்த அம்ஜத் ஹைதராபாதி இறைநம்பிக்கையைக் கைவிடவில்லை. சூஃபி நெறியில் தோய்ந்த ருபாயிகளால்தான் அவர் புகழ்பெற்றார். எபிகூரஸின் வாதத்தை அவர் கேள்விப்படாததால் அப்படி ஆகியிருக்கும் என்று எண்ணுவது அறியாமை. இழப்பைத் தாங்குவதற்கு அவருக்கு ஒரு மொழி தேவைப்பட்டது; அந்த மொழி அவருடைய நம்பிக்கையில் இருந்தது. அதே 1908-இல் பிறந்த மக்தூம் மொகிதீனும் சமயப் பற்றுள்ள குடும்பத்தில் வளர்ந்தவர். சிறுவயதில் பள்ளிவாசலைப் பெருக்கித் துப்புரவு செய்தவர். தெலங்கானா விவசாயிகளின் ஆயுதப் போராட்டக் காலத்தில் அவர் கம்யூனிஸ்ட் தலைவராக நின்றார். நம்பிக்கையாளரின் உலகத்தை உள்ளிருந்து அறிந்தவர் என்பதாலேயே இந்நகர மக்கள் அவருடைய சொல்லுக்குச் செவிகொடுத்தனர்.

நம்பிக்கையாளரின் அன்றாட நடைமுறையில் பலரும் கவனிக்கத் தவறும் ஓர் உண்மை இருக்கிறது. வேண்டுதல் வைக்கும் எவரும், எதிர்காலம் முடிவாகிவிட்டது என்று உண்மையில் நம்புவதில்லை. முடிவாகிவிட்டது என்றால் வேண்டுவது எதற்கு? மூசிக்குப் படைத்ததாகச் சொல்லப்படும் பட்டும் முத்தும், ஆற்றின் போக்கு மாறக்கூடும் என்ற எண்ணத்தின் அடையாளங்கள். மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளும் தாயும் தர்காவில் கயிறு கட்டும் தந்தையும், இறையியலாளரின் முன்னறிவுக் கோட்பாட்டைத் தம் கைகளால் நாள்தோறும் மறுத்துக்கொண்டிருக்கிறார்கள். 'எல்லாம் விதிப்படி' என்று அவர்களிடம் ஓதப்படுவது பெரும்பாலும் மேலிருந்தே. அவர்கள் நெஞ்சில் இருப்பது, நிலைமை மாற வேண்டும், மாறக்கூடும் என்ற எண்ணம். கட்சி கைகோக்க வேண்டியது அந்த எண்ணத்தோடு. 1905-இல் லெனின் 'சோசலிசமும் மதமும்' கட்டுரையில், வானுலகச் சொர்க்கத்தைப் பற்றிய கருத்தொற்றுமையைவிட மண்ணுலகில் நல்வாழ்வை அமைக்கும் போராட்டத்தில் ஒற்றுமையே பெரிது என்று எழுதியதும் இதனால்தான். அதே கட்டுரையில் அறிவியல் உலகப்பார்வையைப் பரப்பும் கடமையை அவர் கைவிடவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆகவே இறுதியில் தெளிவாகச் சொல்ல வேண்டியவை மூன்று. முதலாவதாக, பிழையற்ற முன்னறிவும் படைப்பாற்றலும் பேரருளும் ஒருவனிடமே இருந்து, அதே வேளையில் மனிதர் தம் விருப்பால் செயல்பட்டு அதற்காகத் தண்டிக்கவும் படுகிறார்கள் என்ற கூற்று, பல நூற்றாண்டுகளின் பேரறிஞர்கள் முயன்றும் முரணின்றி நிறுவப்படவில்லை. எதையேனும் ஒன்றைச் சற்றுத் தளர்த்தாமல் மற்றவை நிற்பதில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. எக்காளமிட வேண்டியதும் இல்லை. இரண்டாவதாக, துன்புற்றவனைப் பார்த்து 'உன் வினை' என்று சொல்லும் எந்தக் கோட்பாட்டையும், அது எந்தச் சமயத்தின் பெயரால் வந்தாலும், சமரசமின்றி எதிர்க்க வேண்டும். மூன்றாவதாக, 'அறிந்தவன் ஏன் தடுக்கவில்லை' என்ற மக்களின் கேள்வியை அணைத்துவிடாமல் அதற்குரிய முகவரிக்குக் கொண்டுசேர்க்க வேண்டும்.

அது எளிய வேலையன்று. எந்த ஏரியின் உபரிநீர்க் கால்வாய் எங்கே அடைக்கப்பட்டிருக்கிறது, எந்த மனை எந்த நீர்வழியின் மேல் நிற்கிறது, எச்சரிக்கை எந்தத் தெருவரை எட்டுகிறது என்பவற்றைக் கிளை உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பகுதியில் அறிந்திருக்க வேண்டும். மழை வருமுன் அறிந்திருக்க வேண்டும். அறிந்தபின் வாளாவிருந்தால், அதே கேள்வி அடுத்து அவர்களிடமும் கேட்கப்படும்.